இரண்டாம் கியர்

பழைய டிக்கெட் சுருளின் பின்புறம்
கேள்விகளை எழுதி எடுத்துப் போனேன்.
மழை. ட்ரெகாரனில் கடைசி வீடு.
நீலக் கார், இரண்டே கதவு, எட்டு வயது,
மூக்கு முழுக்கக் கல்லடித் தழும்பு.
ஆறாயிரத்து இருநூறு பவுண்டு.

முதல் கேள்வி எனக்கு நானே:
எதற்கு?
நாள் முழுக்க மின்சாரப் பேருந்து ஓட்டுகிறேன்,
அபெரிஸ்ட்வித்திலிருந்து லாம்பீட்டர், திரும்பவும் அபெரிஸ்ட்வித்.
வலது கால் மட்டும் சம்பாதிக்கிறது.
இடது கால்
வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி
உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறது.
இதையெல்லாம் காரணமென்று
லவ்ரியிடம் சொல்ல முடியுமா?

இரண்டாவது, லவ்ரி கேட்டது:
கொட்டும் மழையில் முன்சீட்டைச் சாய்த்து
முதுகை மடித்து உள்ளே நுழைந்து
பின்னால் குழந்தைக்கு பெல்ட் மாட்டப்போவது யார்?
நான்தான் என்றேன்.
அதையும் எழுதிக்கொள் என்றாள்.

டெலித் ப்ரோசர் ஊன்றுகோலோடு வந்தார்.
நீ மூன்றாவது ஆள், எம்லின்.
முதலில் வந்த பையன்
சைலென்சர் சத்தத்தை மட்டும் கேட்டான்.
அடுத்தவன் எதையுமே கேட்கவில்லை.
கேட்காதவனுக்கு எப்படி விற்பது?

தானம் வந்த மாட்டைத்தான்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.
நான் குனிந்தேன்.
பானெட்டைத் தொட்டேன், சில்லென்றிருந்தது, நல்லது.
நாம் வருவதற்குள் சூடேற்றி வைத்த எஞ்சினுக்கு
மறைக்க ஏதோ இருக்கும்.
டைமிங் பெல்ட் மாற்றிய ரசீது?
இருந்தது, தேநீர்க் கறையோடு.
நாலு டயரும் ஏன் நாலு கம்பெனி?
ஒவ்வொன்றும் ஒவ்வொரு பள்ளத்தில் போனது.
கதவடியில் பூத்திருக்கும் துரு?
குளிர்காலத்தில் சாலைக்குப் போடுகிற உப்பு
உன் பேருந்தை மட்டும் விட்டுவிடுமா?
எஞ்சினின் மூளையில் யாராவது கை வைத்தார்களா?
அதில் இல்லை, என் இடுப்பில் வைத்தார்கள்.
டைட்டேனியம்.

ஏன் விற்கிறீர்கள் என்ற வரியை
பையிலேயே மடித்து வைத்துக்கொண்டேன்.

ஓட்டிப் பார் என்று பக்கத்தில் ஏறிக்கொண்டார்.
அபெர்க்வெசின் போகும் மலைச்சாலை,
ஒரு வண்டிக்கு மட்டும் அகலம்,
அதிலும் பாதி ஆடுகளுக்கு.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
கிளட்சில் அந்தப் பேச்சு எடுபடாது.
விட்டால்தான் தெரிகிறது ஆழம்.
கடிக்கிற இடம் எங்கோ மேலே இருந்தது.
தேய்ந்திருக்கிறது, எண்ணூறு பவுண்டு
என்று மனசு ஓரமாகக் கணக்கெழுதியது.

முதல் ஏற்றம்.
மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினேன்,
நறநறவென்று பல்லைக் கடித்தது.
அவர் வாயைத் திறக்கவில்லை,
ஜன்னல் வழியே ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஆனால்
வெறும் ரப்பர் விரிப்பின் மேல்
அவருடைய இடது கால் அழுந்தியது,
எழுந்தது,
மறுபடி அழுந்தியது.

அடுத்த வளைவில் நானும் அப்படியே:
ஒரு மிதி, நடுவில் ஒரு மூச்சு,
இன்னொரு மிதி.
தன் வீட்டுக்குள் நுழையும் பூனை மாதிரி
சத்தமில்லாமல் போனது இரண்டாம் கியர்.

எந்த ரசீதிலும் இல்லாத பதில்.
சொன்னது அவருக்கே தெரியாது.
நானும் காட்டிக்கொள்ளவில்லை.
அதன்பிறகு அந்த மலை முழுக்க
இரண்டு பேர் ஒரே கிளட்சை மிதித்துப் போனோம்,
மேலே ஏறும் வரை
நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

திரும்பி வந்து இறங்கும்போது
இடுப்பைத் தேய்த்துக்கொண்டார்.
கிளட்சுக்கு நானூறு குறைத்தார்.
டயருக்கு ஒரு காசும் இல்லை.
பிறகு அவர் முறை:
ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு எழுந்திருப்பாய்?
குழந்தை எழுப்புகிற நேரம், ஐந்தரை.
நல்லது, அப்போது சாலை காலியாக இருக்கும்.

சுருளை விரித்தேன்.
காப்பீடு எவ்வளவு என்ற கடைசி வரி
மழையில் கரைந்து நீலக் கறையாகியிருந்தது.
போகட்டும், லவ்ரி கேட்பாள்.
அவளை அந்தச் சீட்டில் உட்காரவைத்தால்
எதை மிதிப்பாள் என்பது எனக்குத் தெரியும்.
பிரேக்கை.